பொட்டு வெச்ச ரேடியோ

இப்பிடி உக்காருங்க, ஏனுங்க நின்னுக்கிட்டே வர்றீங்க? கூடையை மடியில வெச்சுக்கறேன், வெறுங்கூடைதான். காத்தால இதே ரூட்டு பஸ்ஸுல போறப்ப நீங்க பாத்திருக்கோணும். உள்ள ரேடியோப் பொட்டி. கண்டக்டரு, “பெரியவரே, கீழ வைங்க”ன்னாப்ல. வெக்க மாட்டேன்னுட்டேன். வால்வு ரேடியோங்க அது. உள்ள கண்ணாடி பல்பாட்ட நாலஞ்சு நிக்கும். கீழ வெச்சு எவனாச்சும் எத்தி உட்டான்னா போச்சு.

பொள்ளாச்சி வரைக்குமுங்களா? அப்ப நல்லதாப் போச்சு. யாருகிட்டயாச்சும் சொல்லலீன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

என்ற பேரு வெள்ளிங்கிரி. கொப்பரைக் களம் வெச்சிருக்கறேன். தேங்காய ஒடச்சுக் காயப்போட்டு எண்ணைக்கு அனுப்பறது. அது சோத்துக்கு. மனசுக்குன்னு கேட்டீங்கன்னா ரேடியோதான். பழைய ரேடியோ, கதவு வெச்ச பழைய டிவி, எது ஓடாம நின்னாலும் எங்க சுத்துவட்டாரத்துல, “வெள்ளிங்கிரிகிட்டக் கொண்டு போ”ன்னுதான் சொல்லுவாங்க. யாருகிட்டயும் போயிப் படிக்கலீங்க. தொறந்தா எனக்கே தெரிஞ்சுரும், இந்த எடத்துல என்னமோ கேக்குதுன்னு.

சும்மா சொல்லலீங்க. நெகமத்துல ஒரு மருந்துக்கடைக்காரரு, ரேடியோவுல சத்தம் கூட்டறப்ப கரகரங்குதுன்னு கொண்டாந்தாரு. களத்துல எண்ணைக்கா பஞ்சம்? நல்ல செக்கு எண்ணையா அரை டம்ளரு அந்தத் திருகுக்குள்ள ஊத்துனேன். கரகரப்பு போயே போச்சு. கொஞ்ச நாளுல பாட்டும் போயிருச்சுன்னு வெய்யுங்க, ஆனா அந்தக் கரகரப்பு திரும்பி வரவே இல்லீங்க. ஆனமலை வாத்தியாரு ஒருத்தரு, சும்மா சும்மா ஃப்யூஸ் போகுதுன்னாரு. கட்டுக்கம்பிய முறுக்கிச் சொருகி உட்டேன். அதுக்கப்பறம் ஃப்யூஸ் போகவே இல்ல. ட்ரான்ஸ்பார்மருதான் போச்சு, அது பழசு. இன்னொரு ஊட்டு டிவியில படம் கீழ இருந்து மேல ஓடிக்கிட்டே இருக்குதுன்னாங்க. தலை மேல ரெண்டு செங்கல்லு வெச்சேன், நின்னுபோச்சு. ஸ்டேசன் முள்ள இழுக்கற நூல் அந்துபோனா கடையில தேடி அலைவாங்க. நான் அலைய மாட்டேன். மூட்டை தைக்கற சணல் இருக்குதே. பொட்டி மரம் நெறம் மங்கிக் கெடந்தா கேட்டுக்கு அடிச்ச ஊதாப் பெயிண்டு மிச்சம் இருக்கும், ஒரு கோட்டிங் குடுத்துருவேன். அப்பறம் ஒரு சிலது தொட்டா சுருக்குன்னு இழுக்கும். அதுக்கெல்லாம் பயப்படக் கூடாதுங்க. உசுரு இருக்குதுன்னு அர்த்தம்.

ஏனுங்க சிரிக்கறீங்க?

செரி, வேலை முடிஞ்சு மூடறதுக்கு முந்தி ஒண்ணு பண்ணுவேன். அதுல மட்டும் நான் கொற வெச்சதே இல்ல. உள்ள பொட்டு வெப்பேன். ஆயுத பூசைக்கு நாம தராசுக்கு வெக்கறம், வண்டிக்கு வெக்கறம், அரவ மெசினுக்கு வெக்கறம். ரேடியோ மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? வெளிய வெச்சா ஊட்டுப் பொம்பளைக தொடச்சுப் போடுவாங்கன்னு உள்ளயே வெச்சிருவேன். ஸ்டேசன் மாத்தறப்பத் தகடு தகடா ஒண்ணு உள்ள திரும்பும் பாருங்க, அதுதான் ரேடியோவுக்கு நெத்தி. அந்தத் தகட்டு மேல சந்தனத்தக் கொழச்சு மூணு பொட்டு, நடுவுல குங்குமம். பொட்டு வெச்ச பொறகு ஒண்ணு ரெண்டு ஸ்டேசன் எடுக்காமப் போறது உண்டு. சாமி காரியத்துல அதெல்லாம் பாக்க முடியுங்களா?

விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு, சுகன்யா. பேங்குல வேலை. வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்ல, பேச்சு சரியில்லன்னு தள்ளிக்கிட்டே இருந்தா. கடைசியில ஒரு போட்டோவப் பாத்து, “செரிங்ப்பா, வரச் சொல்லுங்க”ன்னா. என்ற ஊட்டுக்காரி மரகதம் சாமி ரூமுக்குள்ள போயி அழுதுட்டு வந்தா. அத்தன சந்தோசம். பையன் பேரு நவநீதன். கோயமுத்தூருல ஒரு மோட்டார் கம்பெனியில ஆபீஸ் வேலை. அது போக என்ன பண்றாப்லன்னு தரகரு சொன்னாரு பாருங்க, எனக்குத் தலகால் புரியலீங்க. பழைய ரேடியோ, டிவி வாங்கி ரிப்பேர் பண்றாப்ல! அதுலயும் சும்மா ரிப்பேர் இல்ல. முந்தி எவனெவனோ கைய வெச்சுக் கெடுத்து வெச்சிருப்பான் பாருங்க, அதையெல்லாம் பிரிச்சு எடுத்துப்போட்டு, மொதல்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே கொண்டு வர்றாப்ல. அத வீடியோ எடுத்துப் போட்டா ஊரே பாக்குதாம். 

எப்பேர்ப்பட்ட பொருத்தம் பாருங்க! சாதகத்துல பத்துக்கு எத்தன இருந்தா என்ன, இது ஒண்ணு போதாதுங்களா?

ஆனா சுகன்யா மொகம் மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. “அப்பா, அவங்க வர்றன்னிக்கி நம்ம ரேடியோ பரண் மேல இருக்கட்டும்ப்பா”ன்னா.

“ஏன் அம்மிணி?”

“இருக்கட்டுங்ப்பா. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்.”

எனக்குப் புரிஞ்சுபோச்சு. நானும் பையனும் ரேடியோப் பேச்சுல எறங்கிட்டம்னா பொண்ண எவன் பாப்பான்? அந்தப் பயம். கொழந்தப் புள்ளதானுங்க அவ இன்னும். நான் என்ன பண்ணுனேன், ரேடியோவத் தொடச்சு, எண்ண போட்டு, வந்தவங்கள உக்கார வெக்கற ஆசாரத்துக்கு நட்டநடுவுல ஸ்டூல் போட்டு அது மேல வெச்சு, ஒரு சரம் மல்லிகப் பூவும் போட்டு உட்டேன். சுகன்யா உள்ள இருந்து வந்து பாத்தவ, பட்டுப் பொடவையோட அப்பிடியே செவுத்துல சாஞ்சுட்டா. 

பையன் வந்தாப்ல. அம்மா, தாய்மாமன், கூட ரெண்டு பேரு. மரகதம் சந்தகை புழிஞ்சு தேங்காப்பால் வெச்சிருந்தா. பையன் அதத் தொடலீங்க. கண்ணு ரேடியோ மேலயே இருந்துச்சு. “பாத்துக்கலாங்களா சார்?”னு கேட்டாப்ல. தாராளமாப் பாருங்கன்னேன். பின்னாடி அட்டையக் கழட்டுனாப்ல. குனிஞ்சு பாத்தாப்ல.

பாத்தாப்ல, பாத்தாப்ல, பாத்துக்கிட்டே இருந்தாப்ல. மூஞ்சியில வேர்த்துக் கொட்டுது. தண்ணி கேட்டாப்ல. செம்புத் தண்ணியும் ஒரே மூச்சுல காலி. அப்பறம் மெதுவா, “இது யாருங்க சார் பண்ணுனது?”னு கேட்டாப்ல.

“எல்லாம் நம்ம கைதானுங்க தம்பி”ன்னேன். “இது மட்டுமில்ல. நெகமம், ஆனமலை, கோட்டூரு, சுத்தி எந்த ஊட்டுல பழைய ரேடியோ இருந்தாலும் உள்ள நம்ம பொட்டு இருக்கும்.”

பையன் என்னயப் பாத்தாப்ல. அப்பறம் சுகன்யாவப் பாத்தாப்ல. அவ தல குனிஞ்சு நின்னவ, மெல்ல நிமுந்து பாத்து, உதட்டக் கடிச்சா. பையன் கைக்குட்டைய எடுத்து வாயப் பொத்திக்கிட்டாப்ல. ரெண்டு பேரு தோளும் குலுங்குது. எனக்கு அப்பவே சந்தோசம் தாங்கல. மொதப் பார்வையிலயே ரெண்டும் சிரிக்குதுகளே, இதுக்கு மேல என்ன வேணுங்க?

போறப்ப அவங்கம்மா, “ஊட்டுல கலந்துக்கிட்டுச் சேதி சொல்லி உடறமுங்க”ன்னாங்க. போனவங்க போனவங்கதான். சேதியே இல்ல. தரகருக்குப் போன் போட்டா, பையன் எதும் பேச மாட்டேங்கறானுங்கறாரு. எங்கூட்டுலயா, அத ஏன் கேக்கறீங்க. சுகன்யா போன எடுக்கறதும் பாக்கறதும் வெக்கறதும். சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுருவா. எத்தன வரனத் தள்ளுனவ, இந்தப் பையன மனசுல போட்டுக்கிட்டா. மரகதம் ஒரு நாள் வாய் உட்டுக் கேட்டே போட்டா: “எம்புள்ள வாழ்க்கையில உங்க ரேடியோ மண்ணள்ளிப் போட்ருச்சு. போதுங்களா?”

என்ற ரேடியோவா! அது என்னங்க பண்ணுச்சு, பாவம், பூவ வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

அப்பறந்தான் சலூன் கடையில வெச்சு விசயம் வெளிய வந்துச்சு. சவரம் பண்ற கதிரேசன், “ஏனுங் கவுண்டரே, இதப் பாத்தீங்களா?”னு போன நீட்டுனான். பாத்தா நம்ம பையன், பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தியே போட்ட வீடியோவுல! ஒரு ரேடியோவத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பேசறாப்ல. “வந்துட்டாருங்க நம்ம பொட்டு டாக்டரு!”ன்னு சொல்லி உள்ள காட்டுனா, மூணு பொட்டு. எண்ணையும் தூசியும் பிசுபிசுன்னு. சணல் நூல இழுத்து எடுக்கறாப்ல, கட்டுக்கம்பிய எடுக்கறாப்ல, பல்லுத் தேய்க்கற பேஸ்டு மூடிய எடுக்கறாப்ல. “இந்த மனுசன் ஒரு நாள் என்ற கையில சிக்கோணும். கையெடுத்துக் கும்புட்டுக் கேப்பேன், ஐயா, ரேடியோ உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணுச்சுன்னு.” கதிரேசன் கத்தரியக் கீழ போட்டுட்டுச் சிரிக்கறான். கண்ணாடியில என்ற மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சிரிக்கறான். நானும் சிரிச்சேன். வேடிக்கையாத்தானுங்க இருந்துச்சு.

சிரிச்சுட்டு எந்திரிக்கறப்பத்தான் சுர்ருன்னு ஏறுச்சு. எவனோ ஒரு களவாணிப் பய என்னயாட்டவே பொட்டு வெச்சுக்கிட்டுத் திரியறான்! வேலை தெரியாதவன். என்ற பேரக் கெடுக்கோணும்னே கௌம்பியிருக்கறான். பையன் எங்கூட்டு ரேடியோவப் பாத்துப்போட்டு, அந்தப் பொட்டு டாக்டரு நாந்தான்னு நெனச்சுட்டாப்ல. அதுதான் சேதி வர்ல! பின்ன என்னங்க காரணம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க?

பொண்ணூட்டுக்காரங்க தானாத் தேடிப் போகக் கூடாதுன்னு மரகதம் குதிச்சா. போனா என்ன, என்ற கௌரவம் கொறஞ்சா போயிரும்? பொண்ணு சோறு திங்காம உக்காந்திருக்கறா, இதுல கௌரவம் என்ன கௌரவம். ரேடியோவக் கூடையில வெச்சேன். வழியில ஆடிக்கீடி போச்சுன்னா அங்கயே செரி பண்ணோணுமல்ல, அதுக்கு என்ற ஈயம் பத்த வெக்கற சால்டரிங், ஸ்க்ரூ டிரைவரு, சணல், எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துக்கிட்டேன். சுகன்யா வாசல்ல நின்னா. “அப்பா, பாத்துப் போயிட்டு வாங்க”ன்னா. கண்ணு தளும்புது. 

சிங்காநல்லூருலதான் பையனோட பட்டறை. சின்ன ஷெட்டுதான், ஆனா உள்ள போனா ரேடியோவும் டிவியும் வரிசையா உக்காந்திருக்குது பாருங்க, கோயிலுக்குள்ள போனாப்பல இருந்துச்சு. மரமெல்லாம் பளபளன்னு. ஒண்ணப் போட்டுக் காட்டுனாப்ல. தண்ணியாட்டம் பாடுதுங்க. எனக்கு ஒரே ஒரு கொறதான். துளி கரகரப்பு இல்ல. பழைய ரேடியோன்னா கொஞ்சமாச்சும் கரகரக்கோணுமல்லங்க? சின்ன வயசு, போகப் போகக் கத்துக்குவாப்லன்னு உட்டுட்டேன்.

கூட ரெண்டு சிநேகிதப் பசங்க இருந்தானுக. என்னயப் பாத்ததும் பையனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. “வாங்க சார், உக்காருங்க சார்”னு நாற்காலியத் தேடறாப்ல. நான் உக்காரல. நேரா விசயத்துக்கு வந்துட்டேன். “தம்பி, நீங்க என்னயத் தப்பா நெனச்சிருக்கறீங்க. அந்தப் பொட்டு டாக்டரு நான் இல்ல. எவனோ ஒருத்தன் எனக்குப் போட்டியாப் பொட்டு வெச்சுக்கிட்டு அலையறான். நீங்களும் நானும் சேந்து அவனப் புடிச்சிரலாம்”னேன். அந்தப் பசங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டானுக. ஒருத்தன் இருமறான். இன்னொருத்தன் மேசைக்கு அடியில குனிஞ்சு என்னத்தையோ தேடறான்.

நான் பேசிக்கிட்டே திரும்புனேன். அங்க ஒரு கண்ணாடி பாட்டலு. ஊறுகா போடற பெரிய பாட்டலு. மேல ‘பொட்டு டாக்டர்’னு எழுதி ஒட்டியிருக்குது. ரேடியோவுக்குள்ள இருந்து பிரிச்சு எடுத்ததையெல்லாம் அதுல போட்டு வெச்சிருக்கறாப்ல. தீக்குச்சி, சைக்கிள் ட்யூப்பு, சணல், பேஸ்டு மூடி. அதுக்கு நடுவுல ஒரு தங்கத் திருகாணி கெடந்துச்சுங்க. தோட்டுக்குப் பின்னாடி போடற திருகாணி. மரகதமும் ஒண்ணத் தொலைச்சுப் போட்டு ஊட்டையே பொரட்டித் தேடுனா. அவ பல்லுல கடிச்சுத்தான் முடுக்குவா, அதனால அவ திருகாணியில ஓரமா ஒரு நசுங்கல் இருக்கும். இதுலயும் இருந்துச்சு.

இருந்தா என்னங்க? ஊருல எல்லாப் பொம்பளைகளும் பல்லுலதான் கடிக்கறாங்க.

ஆனா நான் அந்தப் பாட்டல உட்டுக் கண்ண எடுக்கல. ஏன்னு கேக்காதீங்க. கூடையப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னேன். அந்த இருமுன பய இருக்கறானே, அவன் என்னயப் பாத்தான், பாட்டலப் பாத்தான், அடக்க முடியாம, “ஏன்டா நவநீ, அப்ப பொட்டு டாக்டரு இவ...”ன்னு ஆரம்பிச்சான்.

“டேய்!”ன்னாப்ல பையன். “என்ற மாமனாருடா அவுரு. வாய மூடு.”

அந்தப் பய வாய மூடிக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டான். “நீங்க உள்ள வாங்க மாமா”ன்னு கூடைய என்ற கையில இருந்து வாங்கிக்கிட்டாரு. ஆமாங்க, இனி நான் எப்பிடிங்க பையன்னு சொல்லறது, மாப்ளயில்லீங்களா? அது வரைக்கும் சாருதான். அப்பறம் மாமா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வெக்கமென்ன, வந்துச்சு.

உள்ள உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. “சேதி சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சுக்குங்க மாமா. எனக்கு அன்னிக்கே சம்மதந்தான். வீடியோவுல அப்பிடியெல்லாம் பேசிப்போட்டு, உங்க மூஞ்சியில எப்பிடி முழிக்கறதுன்னு தெரியல.”

“எவனோ ஒருத்தனத்தானுங்களே பேசுனீங்க. அதுக்கு நீங்க எதுக்கு...”ன்னேன்.

மாப்ள என்னயவே பாத்தாரு. டீக் கிளாஸக் கீழ வெச்சாரு. “அந்த எவனையும் நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதுங்க மாமா. வீடியோவையெல்லாம் இன்னிக்கே எடுத்தர்றேன்”னாரு. 

“எடுங்க, அதுதான் நல்லது. அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்”னேன்.

அப்பறம் மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. என்ன சீரு செய்யோணும், பவுனா, காரா, பாத்திரம் பண்டமா, அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்கன்னேன். மாப்ள தலைய ஆட்டுனாரு. ஒரு குண்டுமணித் தங்கங்கூட வேண்டாம்னுட்டாரு. “ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு வேணும் மாமா. தருவீங்களா?”

“கேளுங்க மாப்ள.”

“அந்த மஞ்சப் பை.”

என்ற மஞ்சப் பைங்க! சால்டரிங், ஸ்க்ரூ டிரைவரு, கட்டிங் பிளேயரு, சணலு, சந்தனக் கட்டி உள்பட. “கூடையில இருக்கற ரேடியோவும் இங்கயே இருக்கட்டும். இனிமே யாரு ரேடியோ கொண்டாந்தாலும் தொறக்காம இங்க அனுப்பி உட்ருங்க மாமா. நான் பாத்துக்கறேன். நீங்க வந்து பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாப் போதும்”னாரு. எத்தன கல்யாணம் பாத்திருப்பீங்க நீங்க? எந்த ஊருலயாச்சும் எந்த மாப்ளையாச்சும் மாமனாரோட ஆயுதத்தச் சீராக் கேட்டுக் கேள்விப்பட்டிருக்கறீங்களா? அத்தன மரியாதைங்க என்ற கை மேல.

குடுக்கறதுக்குச் சித்தெ யோசனையாத்தான் இருந்துச்சு. கைப்புடி எரிஞ்சுபோனப்ப மரகதத்தோட பழைய பொடவத் துணியச் சுத்தி நானே செரி பண்ணுன சால்டரிங்கு அது. இனி களத்துல மத்தியான வெயிலுக்குச் சும்மா உக்காந்திருக்கறப்பக் கையி என்ன பண்ணும்னு தெரியல. மாப்ள அவசரப்படுத்தல. எதுத்தாப்பல உக்காந்து என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாரு. 

எடுத்து ரெண்டு கையிலயும் குடுத்தேன். பெத்த பொண்ணையே குடுக்கறேன், அதக் குடுக்க மாட்டனுங்களா?